கேம் ஆடும் பிள்ளைக்கு ஐ.டி.யில் என்ன வேலை?

வாசகர் கேள்வி – பதில்

கம்ப்யூட்டர் வேலைவாய்ப்பு பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். மதுரையிலிருந்தும் சுற்றுவட்டார ஊர்களிலிருந்தும் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் வீடியோ கேமைச் சுற்றியே இருந்தன. மென்பொருள், நெட்வொர்க், டெஸ்டிங் துறைகளில் வேலை பார்ப்பவர்கள் பதில் எழுதியிருக்கிறார்கள். கேட்டவர்களின் பெயரைத் தவிர்த்திருக்கிறோம்.

என் மகன் பிளஸ் டூ எழுதியிருக்கிறான். கேம் டிசைன்தான் படிப்பேன் என்று ஒரே பிடிவாதம். வெளியூரில் வருஷத்துக்குச் சில லட்சம் கேட்கும் கல்லூரிகளைக் காட்டுகிறான். கடன் வாங்கியாவது சேர்க்கலாமா?
– ஒரு தாய், மேலூர்

அம்மா, கடனைப் பற்றி யோசிப்பதற்கு முன் இந்த லீவிலேயே ஒரு சோதனை வைத்துப் பாருங்கள். ‘கொடோ’ என்ற கேம் எஞ்சின், அதாவது விளையாட்டு உருவாக்கும் மென்பொருள், முழுக்க இலவசம். சிறிய 2டி விளையாட்டு என்றால் 4 ஜிபி ராம் உள்ள பழைய கம்ப்யூட்டரிலும் ஓடும். பந்தை மட்டையால் தட்டித் திருப்பும் ‘பாங்’ விளையாட்டை அதில் செய்து முடிக்கச் சொல்லுங்கள். தொடக்கத் திரை, மதிப்பெண், ஒலி, பாஸ் (நிறுத்திவைக்கும்) பட்டன், தோற்றால் மறுபடி ஆடும் வசதி எல்லாம் இருந்தால்தான் முடித்ததாகக் கணக்கு.

பந்து நகர்வது முதல் நாளிலேயே வந்துவிடும். வேகத்தைக் கூட்டியதும் பந்து மட்டையைத் துளைத்துக்கொண்டு போகத் தொடங்கும். நொடிக்கு 60 ஃபிரேம் (திரையில் மாறும் படம்) என்றால் ஒரு ஃபிரேமுக்கு 16.67 மில்லி நொடி. நொடிக்கு 2,400 பிக்சல் வேகத்தில் போகும் பந்து ஒரு ஃபிரேமில் 40 பிக்சல் தாண்டும். மட்டையின் தடிமன் 15, பந்தின் அகலம் 16 என்றால் இரண்டும் சேர்ந்து 31தான். ஆகவே சில சமயம் பந்து மட்டைக்கு முன்னால் ஒரு ஃபிரேமிலும் பின்னால் அடுத்த ஃபிரேமிலும் இருக்கும். மோதல் நடந்ததே எஞ்சினுக்குத் தெரியாது. இந்த இடத்தில் உங்கள் மகன் இரண்டு நாள் உட்கார்ந்து காரணம் தேடுகிறானா, எழுந்துபோய் வேறு கேம் ஆடுகிறானா என்று கவனியுங்கள். தேடினால் அவனுக்கு இந்த வேலை பிடிக்கும். எழுந்துவிட்டால் ஆடுவதுதான் பிடிக்கும். அதில் தவறில்லை, ஆனால் அதற்காக லட்சங்கள் கட்ட வேண்டாம்.

சோதனையில் தேறினாலும் எங்கள் யோசனை பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ், பி.எஸ்சி., பி.சி.ஏ. போன்ற பொதுப் படிப்புதான். கேம் கம்பெனிகள் புரோகிராமரிடம் முதலில் கேட்பது அவர் செய்து முடித்த விளையாட்டுகளை. பட்டத்தின் பெயர் அதற்குப் பிறகுதான். கேம் வேலை கிடைக்காத வருஷத்தில் பொதுப் படிப்பு மற்ற எல்லா ஐ.டி. கதவுகளையும் திறந்து வைக்கும். பிளஸ் ஒன், பிளஸ் டூ கணக்குப் புத்தகத்தில் உள்ள வெக்டரையும் அணிகளையும் தூக்கிப் போட்டுவிடாமல் பத்திரமாக வைக்கச் சொல்லுங்கள். எதிரி பார்க்கும் திசை, எதிரியிலிருந்து நம் ஆளை நோக்கும் திசை, இரண்டையும் ஓரலகு வெக்டராக்கிப் புள்ளிப் பெருக்கல் செய்து 0.5க்கு மேல் வந்தால் நம் ஆள் எதிரியின் 120 டிகிரி பார்வைக்குள் இருக்கிறான். கோசைன் 60 என்பது 0.5 என்பதால். ஒளிந்து விளையாடும் கேம்கள் பலவற்றிலும் இந்தக் கணக்கு இருக்கிறது.

கல்லூரிச் செலவே சிரமம் என்றால், தென்காசியில் உள்ள ஸோஹோ ஸ்கூல்ஸ் பிளஸ் டூ, டிப்ளமோ முடித்தவர்களுக்கு உதவித்தொகையோடு மென்பொருள் கற்றுத் தருகிறது. எச்.சி.எல்.லின் டெக்பீ திட்டமும் பிளஸ் டூ முடித்தவர்களுக்கானது. இரண்டின் நிபந்தனைகளையும் அந்தந்த நிறுவனத்தின் தளத்திலேயே வாசியுங்கள்; இடைத்தரகர் யாரிடமும் பணம் கொடுக்காதீர்கள்.

நண்பர்களுக்காக வீட்டில் பழைய பிசியில் மைன்கிராஃப்ட் ஜாவா சர்வர் வைத்திருக்கிறேன். ஒரே வைஃபையில் இருப்பவர்கள் சேர முடிகிறது, வெளியிலிருந்து முடியவில்லை. ஏழெட்டுப் பேர் வந்தால் லேக் அடிக்கிறது. இதையெல்லாம் ரெஸ்யூமில் போடலாமா, சிரிப்பார்களா?
– பாலிடெக்னிக் மாணவர், திருமங்கலம்

கட்டாயம் போடலாம் தம்பி. லினக்ஸ் அட்மின் வேலையின் முக்கால்வாசி இதற்குள்ளேயே இருக்கிறது. முதலில் இரண்டு கோளாறையும் சரிசெய்வோம்.

வெளியிலிருந்து சேர முடியாததற்கு இரண்டு காரணம் இருக்கலாம். ரூட்டரின் அமைப்புப் பக்கத்தில் வான் (WAN) முகவரியை, அதாவது வெளி இணையத்தின் பக்கம் ரூட்டருக்குக் கிடைத்த முகவரியைப் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால், உங்கள் கேபிள் கம்பெனி ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கிறது. அப்படியானால் போர்ட் ஃபார்வர்டிங் (வெளியிலிருந்து வரும் இணைப்பை உங்கள் பிசிக்குத் திருப்பிவிடுவது) எத்தனை முறை செய்தாலும் பலிக்காது. கதவு உங்கள் வீட்டில் இல்லை, அவர்கள் ஆபீஸில் இருக்கிறது. மாதக் கட்டணத்தில் நிலையான பொது முகவரி கேட்டு வாங்கலாம், அல்லது டெயில்ஸ்கேல் மாதிரி ஒரு தனியார் வலையில் நண்பர்களைச் சேர்க்கலாம். வான் முகவரி சாதாரணப் பொது முகவரியாக இருந்தால், 25565 டிசிபி போர்ட்டை உங்கள் பிசிக்குத் திருப்பிவிடுங்கள். பிசிக்கு ரூட்டரில் நிரந்தர உள்முகவரி ஒதுக்க மறக்காதீர்கள், இல்லையென்றால் கரண்ட் போய் வந்ததும் முகவரி மாறி எல்லாம் அறுந்துவிடும். சர்வரைத் தொலைவிலிருந்து இயக்கும் ஆர்கான் போர்ட் 25575ஐ மட்டும் வெளியே திறக்கவே கூடாது. அனுமதித்த பெயர்கள் மட்டும் நுழையும் வொயிட்லிஸ்ட்டைப் போட்டு வையுங்கள்.

அடுத்தது லேக். மைன்கிராஃப்ட் சர்வர் நொடிக்கு 20 டிக் ஓடும், அதாவது விளையாட்டு உலகத்தை 20 முறை புதுப்பிக்கும்; ஒரு டிக்குக்கு 50 மில்லி நொடி. வேலை அதற்குள் முடியாமல் சர்வர் தொடர்ந்து பின்தங்கிக்கொண்டே போனால் லாகில் ‘கான்ட் கீப் அப்’ என்ற வரி வரும். அந்த வரி வந்தால் குற்றவாளி உங்கள் சர்வர். வராமல் லேக் மட்டும் இருந்தால் இன்டர்நெட்டைச் சந்தேகியுங்கள். வியூ டிஸ்டன்ஸ் 10 என்று இருந்தால் ஒவ்வொரு ஆளையும் சுற்றி 21க்கு 21, அதாவது 441 சங்க் (உலகத்தின் சதுரத் துண்டு). 6 ஆக்கினால் 13க்கு 13, வெறும் 169. பழைய பிசிக்கு இந்த ஒரு மாற்றமே பெரிய நிம்மதி. பலரும் உடனே ஜாவாவுக்கு ராமை அள்ளிக் கொடுப்பார்கள். 4 ஜிபி இருக்கிற மெஷினில் நாலையும் கொடுத்தால் லினக்ஸுக்கே மூச்சு விட இடமிருக்காது. மெமரி தீர்ந்ததும் அது பெரிய புரோகிராமைத் தேடிக் கொல்லும், அது உங்கள் சர்வராகத்தான் இருக்கும். இரண்டரை ஜிபி கொடுத்துவிட்டு மிச்சத்தை விட்டுவையுங்கள்.

பேக்கப்தான் பெரும்பாலோர் கோட்டைவிடும் இடம். சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே உலகக் கோப்புறையைக் காப்பி எடுத்தால் பாதி பழையது, பாதி புதியது என்று கெட்டுப்போன காப்பி கிடைக்கும். ‘சேவ்-ஆஃப்’, ‘சேவ்-ஆல் ஃபிளஷ்’ கொடுத்து, காப்பி எடுத்து, ‘சேவ்-ஆன்’ கொடுக்க வேண்டும். இதை ஒரு ஷெல் ஸ்கிரிப்ட்டாக எழுதி, தினமும் விடியற்காலை 4 மணிக்கு கிரானில் (குறித்த நேரத்தில் வேலையைத் தானே ஓட்டும் லினக்ஸ் வசதி) ஓடவிடுங்கள். மாதம் ஒருமுறை அந்தக் காப்பியை வேறு கோப்புறையில் விரித்து சர்வர் எழுகிறதா என்று பாருங்கள். விரித்துப் பார்க்காத பேக்கப்பை எந்த நல்ல அட்மினும் பேக்கப் என்று ஒத்துக்கொள்ள மாட்டார்.

இனி வேலைக்கு வருவோம். விண்டோஸில் ஓட்டுகிறீர்கள் என்றால் அதே பிசியில் உபுண்டு சர்வர் போடுங்கள், டெஸ்க்டாப் இல்லாமல். சர்வரை தனி யூசரின் கீழ் ஓட்டுங்கள், எல்லா அதிகாரமும் உள்ள ரூட்டாக வேண்டாம். பிசி எழுந்ததும் தானே தொடங்கும்படி சிஸ்டம்டி சர்வீஸ் எழுதுங்கள். தொலைவிலிருந்து நுழையும் எஸ்எஸ்எச்சில் பாஸ்வேர்டை மூடி கீ மட்டும் வையுங்கள். ரெஸ்யூமில் ‘மைன்கிராஃப்ட் பிடிக்கும்’ என்று எழுதினால் பயனில்லை. ‘உபுண்டுவில் பலர் இணையும் சர்வரை ஓட்டி வருகிறேன், சிஸ்டம்டி, கிரான் பேக்கப், ஃபயர்வால் விதிகள், லாக் பார்த்துப் பிழை கண்டறிதல்’ என்று எழுதுங்கள். இன்டர்வியூவில் ஒரு கேள்வி அடிக்கடி வரும்: பெரிய லாக் கோப்பை அழித்த பிறகும் டிஸ்க் நிறைந்தே இருக்கிறது, ஏன்? ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம் அந்தக் கோப்பை இன்னும் திறந்து வைத்திருக்கிறது. அந்தப் புரோகிராமை மறுபடி தொடங்கினால்தான் இடம் விடுபடும். உங்கள் வீட்டு சர்வரிலேயே செய்து பாருங்கள். சான்றிதழ் வேண்டுமென்றால் ரெட் ஹாட்டின் ஆர்எச்சிஎஸ்ஏ நல்லது. அதில் கொள்குறி வினா கிடையாது, மெஷினைக் கையில் கொடுத்துச் செய்யச் சொல்வார்கள்.

பிஜிஎம்ஐயில் நல்ல ரேங்கில் இருக்கிறேன். காலேஜை நிறுத்திவிட்டு இ-ஸ்போர்ட்ஸில் இறங்கலாமா?
– இரண்டாம் ஆண்டு மாணவர், சிலைமான்

நிறுத்த வேண்டாம். உங்கள் திறமையில் எங்களுக்குச் சந்தேகமில்லை. கேமின் ஆயுளில்தான் சந்தேகம். பப்ஜி மொபைல் 2020 செப்டம்பரில் தடையானது. அதன் இந்தியப் பதிப்பான பிஜிஎம்ஐ 2021 ஜூலையில் வந்தது, 2022 ஜூலையில் ஸ்டோர்களிலிருந்து நீக்கப்பட்டது, 2023 மே மாதம் திரும்பியது. ஃப்ரீ ஃபயர் 2022 பிப்ரவரியில் போனது. அந்த இடைவெளிகளில் அதை மட்டுமே நம்பியிருந்த ஆட்டக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியிருந்தது. 2025இல் வந்த மத்தியச் சட்டம் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டைத் தடை செய்து, இ-ஸ்போர்ட்ஸைத் தனியாக அங்கீகரிக்கிறது. ஆகவே ‘டெபாசிட் கட்டு, டோர்னமென்ட் ஆடு’ என்று வரும் லிங்க் எதையும் தொடாதீர்கள். போட்டிகளை ஆடுங்கள், கூடவே ஒளிபரப்பு வேலையையும் கற்றுக்கொள்ளுங்கள்: ஓபிஎஸ் என்ற ஒளிபரப்பு மென்பொருளில் காட்சி மாற்றுவது, ஆடியோ சமன் செய்வது, லைவ் ஸ்கோர் பலகையை ஸ்கிரிப்ட் மூலம் இணைப்பது. ஆட்டக்காரராக இல்லாத நாளிலும் அந்தக் கைத்தொழில் சோறு போடும்.

நான் எந்த கேம் ஆடினாலும் அதில் குறை என் கண்ணில் பட்டுவிடும். தோழிகள் ‘நீ டெஸ்டராப் போ’ என்கிறார்கள். பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் இறுதியாண்டு. எங்கே தொடங்குவது?
– மாணவி, உசிலம்பட்டி

குறை கண்ணில் படுவது நல்ல தொடக்கம். அதை இன்னொருவர் தன் மேசையில் திரும்ப நிகழ்த்திப் பார்க்கும்படி எழுதுவதுதான் தொழில். ‘கடையில் காசு தப்பாப் போகுது’ என்று எழுதினால் டெவலப்பர் மூடிவிட்டுப் போய்விடுவார். இப்படி எழுதுங்கள்:

தலைப்பு: நெட் இல்லாதபோது ‘வாங்கு’ பட்டனை இருமுறை அழுத்தினால் காசு இருமுறை கழிகிறது.
பதிப்பு, போன், ஆண்ட்ராய்டு பதிப்பு: மூன்றும் எண்ணோடு.
படிகள்: 1. கணக்கில் 500 காசு வைத்துக் கடையைத் திற. 2. 200 காசு வாளைத் தேர்ந்தெடு. 3. ஏரோப்ளேன் மோடை ஆன் செய். 4. ‘வாங்கு’ பட்டனை வேகமாக இருமுறை அழுத்து. 5. ஏரோப்ளேன் மோடை ஆஃப் செய்து 10 நொடி காத்திரு.
வர வேண்டியது: ஒரு வாள், மிச்சம் 300.
வந்தது: ஒரு வாள், மிச்சம் 100.
எத்தனை முறை: 5இல் 4.
இணைப்பு: திரைப் பதிவு, லாக்கேட் (போன் தன் செயல்களைக் குறித்து வைக்கும் பதிவு).

லாக்கேட் எடுப்பது கஷ்டமில்லை. போனில் டெவலப்பர் ஆப்ஷனில் யுஎஸ்பி டிபக்கிங்கை ஆன் செய்து, கம்ப்யூட்டரில் ஏடிபி கருவியைப் போட்டு, பிழை நிகழ்ந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு அந்த நிமிடத்து வரிகளை மட்டும் வெட்டி இணையுங்கள். மொத்தக் கோப்பையும் அனுப்பினால் யாரும் படிக்க மாட்டார்கள்.

இந்தப் பிழை ஏன் வருகிறது என்று தெரிந்துகொள்வது உங்களை மற்ற விண்ணப்பதாரர்களிலிருந்து பிரித்துக் காட்டும். நெட் திரும்பியதும் போன் தேங்கி நின்ற இரண்டு கோரிக்கையையும் அனுப்புகிறது. ஒவ்வொரு வாங்குதலுக்கும் தனி அடையாள எண் இருந்தால் சர்வர் இரண்டாவதை ‘இது ஏற்கெனவே வந்ததுதான்’ என்று ஒதுக்கிவிடும். எண் இல்லாததால் இரண்டையும் புதிதென்று எண்ணிக் கழித்துவிடுகிறது. பணம் அனுப்பும் செயலிகளில் இருமுறை பணம் கழிவதற்கும் இதே மாதிரிக் காரணம் இருப்பதுண்டு. அதனால்தான் கேமில் கற்ற டெஸ்டிங் வங்கி, காப்பீடு, கடை மென்பொருள் எல்லாவற்றிலும் செல்லுபடியாகும். முதல் வேலையை கேம் கம்பெனியில் மட்டுமே தேடாதீர்கள். இலந்தைக்குளம், வடபழஞ்சி எல்காட் ஐ.டி. பூங்காக்களில் உள்ள நிறுவனங்களின் அறிவிப்புகளையும் பாருங்கள்.

பழக வேண்டியவை: எல்லை மதிப்புகள் – பையில் 99 பொருள்தான் கொள்ளும் என்றால் 0, 1, 98, 99, 100 ஐந்தையும் சோதிப்பது. குறுக்கீடுகள் – ஆட்டத்தின் நடுவே போன் அழைப்பு, பேக் பட்டன், பேட்டரி சேவர். தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் எஸ்க்யூஎல் மொழியில் ஜாயின் வரை. பிறகு சர்வர் கோரிக்கைகளைச் சோதிக்கும் போஸ்ட்மேன், அதற்குப் பின் பைத்தானோடு, பிரவுசரைத் தானே இயக்கிச் சோதிக்கும் செலீனியம். டெஸ்டிங்குக்கான ஐஎஸ்டிக்யூபி அடிப்படைத் தேர்வு 40 கேள்வி, 60 நிமிடம், தேற 26 வேண்டும். உதவும், ஆனால் மேலே உள்ளது போல் நீங்களே எழுதிய பத்து பிழை அறிக்கைகள் அதைவிட அதிகம் பேசும்.

கேமிங் சென்டரில் வேலை பார்க்கிறேன். சாயங்காலமானால் பிங் 40லிருந்து 200க்குத் தாவுகிறது. ஓனர் லைனை மாற்றச் சொல்கிறார். நெட்வொர்க் பக்கம் போக எனக்கும் ஆசை.
– வாசகர், கோரிப்பாளையம்

லைனை மாற்றுவதற்கு முன் மூன்று அளவு எடுங்கள். சாயங்காலம் முதலில் ரூட்டரையே பிங் செய்யுங்கள் (ஒரு சிறு பாக்கெட் போய்த் திரும்பும் நேரத்தை அளப்பதுதான் பிங்). கேபிளில் 1 மில்லி நொடிக்குள் வர வேண்டும். தாவினால் கோளாறு கட்டடத்துக்குள்ளேயே இருக்கிறது. 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபையில் ஒன்றன்மேல் ஒன்று விழாத சேனல்கள் 1, 6, 11 மூன்றுதான். கோரிப்பாளையம் மாதிரி நெருக்கடியான இடத்தில் அவை நிரம்பி வழியும். கேம் மெஷின்களுக்கு கேட் 6 கேபிள் இழுத்துவிடுங்கள், ஒரு இழுப்பு 100 மீட்டருக்குள். அடுத்து வெளியே ஒரு முகவரியை, யாரும் எதையும் டவுன்லோட் செய்யாதபோது பிங் செய்யுங்கள். பிறகு ஒரு மெஷினில் பெரிய அப்டேட்டை ஓடவிட்டு மறுபடி பாருங்கள். அப்போது மட்டும் 200 என்றால் லைன் கெட்டதல்ல. ரூட்டர் தன் வரிசையில் பாக்கெட்டுகளைக் குவித்து வைக்கிறது, கேமின் சின்ன பாக்கெட் அப்டேட்டின் பெரிய கூட்டத்துக்குப் பின்னால் நிற்கிறது. இந்த வரிசையை ஒழுங்குபடுத்தும் எஸ்க்யூஎம் வசதி உள்ள ரூட்டரில் வேகத்தை லைனின் 85 முதல் 90 சதவீதத்துக்குக் கட்டினால் வரிசை உங்கள் கட்டுப்பாட்டுக்கு வரும். அப்டேட்டுகளைக் கடை மூடிய பிறகு ஓடவிடுங்கள். ரூட்டர் பிங் சரியாக இருந்து, யாரும் டவுன்லோட் செய்யாதபோதும் வெளி முகவரியின் பிங் மாலையில் மட்டும் தாவினால்தான் கேபிள் கம்பெனியிடம் போக வேண்டும். அந்த அளவுகளை நேரத்தோடு எழுதிக் கொடுங்கள்.

சர்வர் எங்கே என்றும் பாருங்கள். ஃபைபரில் ஒளி நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர். மதுரையிலிருந்து மும்பைக்கு நேர்கோட்டில் சுமார் 1,200 கி.மீ.; போய்வர குறைந்தது 12 மில்லி நொடி. சிங்கப்பூருக்குச் சுமார் 3,000 கி.மீ.; குறைந்தது 30. கேபிள் நேர்கோட்டில் போவதில்லை என்பதால் நடைமுறையில் இன்னும் கூடும். எந்த லைன் மாற்றினாலும் இதற்குக் கீழே இறங்காது.

வேலைக்கு: நெட்வொர்க்கைத் திரையிலேயே கட்டிப் பார்க்கும் சிஸ்கோவின் பாக்கெட் டிரேசர் இலவசம். உங்கள் சென்டரையே அதில் கட்டுங்கள். கேம் மெஷின்கள் ஒரு விலான் (தனியாகப் பிரித்த வலை), பில்லிங் ஒன்று, வாடிக்கையாளர் வைஃபை ஒன்று. முகவரிகளைப் பிரிக்கும் சப்நெட் கணக்கை மனக்கணக்காகப் போடும் வரை பழகிவிட்டு சிஸ்கோவின் சிசிஎன்ஏ 200-301 தேர்வு எழுதுங்கள். முதல் வேலை பெரும்பாலும் இரவு ஷிஃப்ட் கண்காணிப்பாக இருக்கும், தயாராக இருங்கள்.

கேம் ஹேக் செய்யத் தெரியும். சைபர் செக்யூரிட்டிக்குப் போகலாமா?
– பெயர், ஊர் வேண்டாம் என்றவர்

போகலாம், ஆனால் இன்றே மற்றவர் சர்வரை விட்டு வெளியே வாருங்கள். அனுமதியின்றி நுழைவதும் மாற்றுவதும் 2000ஆம் ஆண்டு தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66 பிரிவுகளில் வரும். 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். ஒரு வழக்கு பதிவானாலே பின்னணிச் சரிபார்ப்பில் கதவு சாத்திவிடும். பிகோ சிடிஎஃப் என்ற ஹேக்கிங் பயிற்சிப் போட்டி இலவசம், அதில் ரிவர்ஸ் எஞ்சினியரிங் பகுதியிலிருந்து தொடங்குங்கள். வால் ஹேக் ஏன் வேலை செய்கிறது என்று உங்களுக்குத் தெரியும்: சுவருக்குப் பின்னால் நிற்பவரின் இடத்தையும் சர்வர் போனுக்கு அனுப்பிவிடுகிறது. அதை அனுப்பாமல் இருக்க சர்வரை எப்படி எழுதுவது என்று ஒரு சிறிய கேமில் செய்து காட்டுங்கள். உங்களை வேலைக்கு எடுக்க அது ஒரு நல்ல காரணம்.

யூனிட்டியில் ஜல்லிக்கட்டு கேம் செய்கிறேன். தமிழ் எழுத்து உடைகிறது. ‘கொம்பு’ என்று அடித்தால் கொம்பும் காலும் இடம் மாறி நிற்கின்றன. ஃபான்ட் மாற்றியும் சரியாகவில்லை. பிளே ஸ்டோரில் எப்படிப் போடுவது?
– வாசகர், அலங்காநல்லூர்

ஃபான்ட் மேல் தவறில்லை. யூனிகோடில் ‘கொ’ என்பது ககரமும் அதன் பின் ஒகரக் குறியும். திரையில் காட்டும்போது அந்தக் குறியை இரண்டாகப் பிரித்து ஒன்றை முன்னாலும் ஒன்றைப் பின்னாலும் வைக்க வேண்டும். யூனிட்டியில் எழுத்தைக் காட்டும் டெக்ஸ்ட்மெஷ் புரோ இந்த வேலையைச் செய்வதில்லை. குறிகளை வந்த வரிசையிலேயே அடுக்குகிறது. மாறாத சொற்கள் மட்டும் என்றால் – பட்டன், தலைப்பு – அவற்றைப் படமாகச் செய்து வைப்பது எளிய வழி. மாறிக்கொண்டே இருக்கும் வசனம் நிறைய இருந்தால் கொடோ 4க்கு மாறுவதை யோசியுங்கள். குறிகளைச் சரியான இடத்தில் அடுக்கும் ஹார்ஃப்பஸ் என்ற மென்பொருள் அதில் உள்ளேயே இருக்கிறது, தமிழ் ஒழுங்காக வரும். எதுவானாலும் ‘கொ, கோ, கௌ, ஸ்ரீ, க்ஷ’ ஐந்தையும் ஒரு திரையில் எழுதி, விலை குறைந்த பழைய போன் ஒன்றிலும் பார்த்துவிடுங்கள்.

பிளே ஸ்டோர் கணக்குக்கு ஒரே முறை 25 டாலர். புதிய தனிநபர் கணக்கு என்றால் பொதுவில் வெளியிடும் முன் 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதனையில் இருக்க வேண்டும். இங்கேதான் பலர் மாட்டுகிறார்கள்: பன்னிரண்டு பேரில் ஒருவர் நடுவில் விலகினாலும் நாள் கணக்கை மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். ஆகவே 15, 16 பேரைச் சேர்த்துத் தொடங்குங்கள், அவர்களின் ஜிமெயில் முகவரி அவர்கள் போனில் பிளே ஸ்டோருக்குப் பயன்படுத்தும் அதே முகவரிதானா என்று ஒவ்வொருவரிடமும் கேட்டு உறுதி செய்யுங்கள். சோதனையில் என்ன சொன்னார்கள், என்ன திருத்தினீர்கள் என்று குறித்து வையுங்கள்; வெளியிட அனுமதி கேட்கும் படிவத்தில் கூகுள் அதைத்தான் கேட்கும்.